கந்தளாய்க் குளத்தில் தோணி இறக்குமுன்

நான் கடற்கரையில் வளர்ந்தவன். திருகோணமலை திருக்கடலூரில் வீடு. அப்பா வள்ளத்தில் போய் வந்தவர். பதினாறு வயதில் எனக்கு இயந்திரம் பூட்டிய படகு ஓட்டத் தெரியும், வலை பொத்தத் தெரியும், மேகத்தைப் பார்த்து இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லவும் தெரியும். 2012இல் கலியாணம் முடித்தபோது, மனைவியின் தாய்மாமா கந்தளாயில் குளத்து மீன்பிடியில் இருப்பதாகச் சொன்னார்கள். கடல் தெரிந்தவனுக்குக் குளத்தில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வருடம் மாசி மாதம், பழைய பைபர் தோணி ஒன்றை வாங்கி, லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக்கொண்டு நேரே குளக்கட்டுக்குப் போனேன். குளம் நிரம்பிக் கிடந்தது. குளிக்கிற படிக்கட்டு வரைக்கும் தண்ணீர். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று படிக்குப் பக்கத்திலேயே தோணியை இறக்கத் தொடங்கினேன். ஐந்தாறு பெண்கள் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு சிங்கள ஐயா வந்து, கையைக் காட்டி, "மெத்தன எபா, மல்லி" என்றார். இங்கே வேண்டாம் தம்பி என்று அர்த்தம். குரலில் கோபம் இல்லை. அதற்குள் தோணியின் அடி, கட்டில் பதித்திருந்த கருங்கல்லில் இழுபட்டு ஒரு முழ நீளத்துக்கு வெடித்துவிட்டது.

மாமா வந்து பார்த்தார். ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. தோணியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் சொன்னார்: "மருமகன், குளத்தில தண்ணி எல்லா இடத்திலயும் இருக்கும். துறை ஒரு இடத்திலதான் இருக்கும்."

குளத்தில் மீன் பிடிக்கவோ தோணி விடவோ நினைக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது மீனை அல்ல, துறையை. பத்து வருடத்துக்கு மேல் அந்தத் துறையோடு இருந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கட்டுப் பக்கம் தோணி இறக்கக் கூடாது என்பதற்குக் கல் மட்டும் காரணமில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, விடிவதற்கு முன், இந்தக் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடும் வயலும் மாடும் அள்ளுண்டு போயின. மாமா அப்போது இளந்தாரி. இரைச்சலைக் கேட்டு முதலில் ரயில் என்று நினைத்ததாகவும், ரயிலென்றால் ஏன் நிற்காமல் இரைகிறது என்று எழும்பி வெளியே வந்ததாகவும் சொல்வார். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஊரில் கட்டின் மேல் யாராவது குழி தோண்டினால், முளை அடித்தால், பாரமான வாகனத்தைச் சரிவில் இறக்கினால் சனம் ஏன் உடனே சத்தம் போடுகிறது என்பது எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது. வெளியூரில் இருந்து தூண்டிலோடு வருகிற தம்பிமார் கட்டில் நெருப்பு மூட்டுவதையும் குடை நட்டுவதையும் இப்போதும் காண்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, துறை எங்கே இருக்கும்? அலைகரைப் பக்கத்தில், அதாவது கட்டு இல்லாமல் தண்ணீர் ஏறி இறங்குகிற சரிவான கரையில், கட்டை விட்டுத் தள்ளி. ஆனால் அலைகரை முழுவதும் துறையாகாது. இந்தக் குளத்தின் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, தையில், மாசியில் குளம் நிரம்பும். மின்னேரியா பக்கமிருந்து வருகிற யோத எல வாய்க்கால் தண்ணீரும் சேரும். சிறுபோகத்துக்குத் துரிசு என்கிற மதகைத் திறந்து வயலுக்கு விடத் தொடங்கினால் நாளுக்கு நாள் இறங்கும். ஆவணி, புரட்டாதியில் பார்த்தால் மாசியில் தோணி கட்டிய மரத்திலிருந்து தண்ணீருக்குச் சில நூறு மீற்றர் நடக்க வேண்டியிருக்கும். கடலில் ஏற்றவற்றம் எங்கள் பக்கம் இரண்டடிக்கு உட்பட்டதுதான். கடற்கரைக்காரனான எனக்கு, கரையே எழும்பி நடந்து போகிற ஒரு நீர்நிலை புதுசு.

மாமா துறை பார்க்கிற விதம் எளிமையானது. தண்ணீர் வற்றிய காலத்தில் நடந்து போய், ஒவ்வொரு இருபது அடிக்கும் நின்று, குதிக்காலை நிலத்தில் ஊன்றித் திருகுவார். குழிக்குள் உடனே தண்ணீர் ஊறினால் அது களி. அந்த இடத்தில் தோணியை இழுத்தால் ஆள் முழங்கால் வரை புதைவார். குதிக்கால் பருமணலில் கறகறவென்று நின்றால் நல்ல இடம். அந்தப் பருமணல் மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரே கோட்டில் போகிறதா என்று பார்ப்பார். போனால்தான் நிறைகுளத்துக்கும் வற்றுக்குளத்துக்கும் அதே துறை உதவும். அதோடு பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் எங்கே நிற்கின்றன என்பதையும் வற்றும்போதே பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நிரம்பிய பிறகு அவை தண்ணீருக்குள் ஒரு முழ ஆழத்தில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. வலையும் தோணியும் கிழிவது அங்கேதான். புதிதாக ஒரு குளத்தில் தொழில் தொடங்குகிறவர் முதல் வருடம் வற்றுக்காலத்தில் ஒரு தடவை அதைச் சுற்றி நடக்காமல் தோணி இறக்கக் கூடாது என்பது என் கருத்து.

காற்றைப் பற்றி நான் கற்றது சிரமப்பட்டு. இங்கே வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. விடிய ஐந்து மணிக்குக் குளம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் குளத்தின் முழு நீளத்துக்கும் ஓடி வந்து கட்டில் போய் அடிக்கும். 2014 ஆடியில் ஒரு நாள், வலை நிறைய மீன் என்று எடுத்துக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. கடல் அலை நீளமானது. படகு ஏறி இறங்கும். குளத்து அலை கட்டையானது, அடுக்கடுக்காக வரும். ஒன்றிலிருந்து மூக்கைத் தூக்குவதற்குள் அடுத்தது உள்ளே கொட்டும். எங்களுடையது பக்கத்தில் மிதப்புக் கட்டை கட்டிய ஒடுங்கிய தோணி, இயந்திரம் கிடையாது, இரண்டு சவள், அதாவது துடுப்பு, மட்டும். துறைக்குத் திரும்ப வேண்டுமென்றால் காற்றுக்கு எதிரே வலிக்க வேண்டும். நான் வலித்தேன். அரை மணி நேரத்தில் கை விட்டுப் போய்விட்டது. தோணியோ கட்டுக் கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கூட இருந்தவர் பேராறு என்ற ஊரைச் சேர்ந்த நானா ஒருவர். அவர் பதறவில்லை. மீன் கூடையில் பாதியைக் குளத்தில் கொட்டினார். வலையை அடியில் பரப்பினார், இருவரும் அதன் மேல் இருந்தோம். பிறகு எதிரே வலிப்பதை விட்டு, காற்றைத் தோளில் வாங்கிக் குறுக்கே வலித்து, நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேட்டின் மறைவுக்குள் தோணியைக் கொண்டு போனார். அங்கே மாலை நான்கு மணி வரைக்கும் வெயிலில் இருந்தோம். அன்றைக்குப் பிறகு கச்சான் காலத்தில் காலை ஒன்பது மணிக்கு என் தோணி கரையில் இருக்கும், வலையில் மீன் மிச்சமிருந்தாலும் இல்லாவிட்டாலும். காற்று வந்தால் எந்த மேட்டுக்குப் பின்னால் ஒதுங்குவது என்று போகும்போதே பார்த்து வைப்பேன். மிதப்புச் சட்டை போடுவது இங்கே பலருக்கு வெட்கமாக இருக்கிறது. நீந்தத் தெரியும் என்பார்கள். தாமரைக் கொடியும் வலையும் காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்து பயனில்லை.

துரிசுக்கும், மிகுதித் தண்ணீர் வெளியேறுகிற வான்கதவுக்கும் கிட்டப் போகவே கூடாது. துரிசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். இழுவை கீழே இருக்கும். வான் பாய்கிற நாட்களில் மீன் அங்கே திரளும் என்று இளம் பிள்ளைகள் வீச்சுவலையோடு போவார்கள். வழுக்கல் சீமெந்து, வேகத் தண்ணீர், பிடிக்க ஒன்றும் இல்லை. அங்கே போகும் பிள்ளைகளை நான் நிறுத்தி அனுப்பியிருக்கிறேன், இனியும் நிறுத்துவேன்.

இனி மீனைப் பற்றி. விராலும் கெளிறும் முன்பிருந்தே உண்டு. ஆனால் எங்கள் வலைக்குச் சோறு போடுவது திலாப்பியா. ஆபிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை இலங்கைக் குளங்களில் 1952இல் கொண்டுவந்து விட்டார்கள். கட்லா, ரோகுக் குஞ்சுகள் பிறகு வந்தவை. அவற்றை அவ்வப்போது விட்டால்தான் உண்டு. திலாப்பியா தானாகவே பெருகும். அது எப்படிப் பெருகுகிறது என்பதை ஒரு நாள் கையிலேயே கண்டேன். அலைகரையில் முழங்கால் தண்ணீரில் கட்டிய வலையிலிருந்து ஒரு பெட்டை மீனைக் கழற்றினேன். தாடை வீங்கினது போலிருந்தது. தலைகீழாகப் பிடித்தவுடன் வாயிலிருந்து நெல்மணியை விடச் சிறிய குஞ்சுகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரிய கண். விழுந்த குஞ்சுகள் ஓடவில்லை, என் கையிலிருந்த தாயின் நிழலுக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி நின்றன. மெல்ல அவளைத் தண்ணீரில் இறக்கினேன். அந்த ஆழமில்லாத இடமெங்கும் மணலில் தட்டு மாதிரி வட்ட வட்டமான குழிகள். ஆண் மீன் வாயால் அள்ளித் தோண்டியவை. அப்படிக் குழிகள் தெரிகிற இடத்தில் இப்போது வலை கட்டுவதுமில்லை, அதற்குள் நடப்பதுமில்லை. துறைக்குப் போகும் வழியையும் அந்தக் குழிகளை விலத்தித்தான் எடுத்திருக்கிறோம்.

வலைக் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது உள்நாட்டு மீன்பிடிக்கான சட்ட விதி. கண்ணை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை, முழுக்கத் தடை. விலை குறைவு, மீன் கண்ணுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் அடிக்கட்டையில் சிக்கி அறுந்து போன தங்கூசித் துண்டு வருடக்கணக்காகத் தண்ணீருக்குள் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். வற்றுக்காலத்தில் அப்படியொரு துண்டை இழுத்தபோது அதில் மூன்று நீர்க்காகத்தின் எலும்பு இருந்தது.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாகச் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும், தோணிக்குப் பதிவு வேண்டும். எங்கே தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் குளத்து நன்னீர் மீனவர் சங்கத்தில் தொடங்குங்கள். தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தர் எந்த நாளில் வருவார், என்னென்ன பத்திரம் கேட்பார் என்பதெல்லாம் சங்கத் தலைவருக்குத் தெரியும். நேரே அலுவலகத்துக்குப் போனால் சங்கக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். சங்கம் இருப்பதன் அருமையை மாமாவைக் கேட்டால் தெரியும். 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அரசாங்கம் கொடுத்து வந்த ஆதரவை நிறுத்திவிட்டது, 1994 வரைக்கும் குஞ்சு விடவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அந்த வருடங்களில் ஆளுக்கொரு விதமான வலை போட்டார்கள், கைவிரல் அளவு மீனெல்லாம் பிடிபட்டது என்பார்.

எல்லாவற்றிலும் அதிகமாக எங்களை அலைய வைத்தது ஒரு வேலி. 2018இல், துறைக்குப் போகும் பாதையை மறித்து ஒருவர் சீமெந்துத் தூண் நட்டு முட்கம்பி அடித்தார். பக்கத்துக் காணிக்காரர். பாதையும் தன் காணிக்குள்தான் என்றார். அன்றிலிருந்து மீனும் ஐஸும் அடைத்த ரெஜிபோம் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு பற்றைக்குள்ளால் சுற்றி நடந்தோம். லொறிக்காரர் வர மறுத்தார். ஐஸ் கரைந்து மீன் பழுதானது. கோபத்தில் இரண்டு பெடியன்கள் இரவில் கம்பியை வெட்டினார்கள். அது பெரிய பிழை. முறைப்பாடு போனது, நியாயம் கேட்க வேண்டிய நாங்கள் குற்றம் செய்தவர்களாகப் பொலிஸில் நின்றோம். மூன்று மாதம் அதிலேயே போயிற்று.

கடிதம் கொடுத்தோம். அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். வந்தது புரட்டாதி மாதம். காணிக்காரர் தூரத்தில் தெரிந்த தண்ணீரைக் காட்டி, குளம் அங்கே கிடக்கிறது, இங்கே எப்படிக் குளத்துக்கென்று ஒதுக்கிய காணி, அதாவது ஒதுக்குக் காணி வரும் என்று கேட்டார். பார்த்தவருக்கும் அது சரியாகத்தான் தெரிந்தது. திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு இரவு மாமாதான் சொன்னார், தை வரட்டும் என்று.

தை மாதம் குளம் முழு மட்டத்துக்கு நிரம்பியது. தண்ணீர் அந்த வேலியின் கடைசித் தூணை நனைத்துக்கொண்டு நின்றது. ஒதுக்குக் காணியை அளப்பது வற்றிய தண்ணீரிலிருந்து அல்ல, முழு நீர்மட்டத்திலிருந்து. அன்றைக்கே கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினோம். பிரதேச செயலகத்தில் நில அளவைப் படத்தின் பிரதி எடுத்தோம். மனுவில் மீனவர் மட்டும் கையெழுத்து வைக்கவில்லை. கமக்காரர் அமைப்பும், அந்த வழியால் மாடு தண்ணீருக்குக் கொண்டு போகிறவர்களும் வைத்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். கட்டில் என்னை மறித்த அந்த வயதான ஐயா, தன் சிறு வயதிலிருந்து அந்தப் பாதை இருப்பதாக வாக்குமூலம் கொடுத்தார். இந்தக் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று கோணேசர் கல்வெட்டை வைத்து நாங்கள் சொல்வோம், அக்கபோதி மன்னன் கட்டினான் என்று அவர் சொல்வார். பாதை விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே கதைதான் இருந்தது. சித்திரைக்கு முன் தூண்கள் இரண்டைப் பிடுங்கி, லான்ட்மாஸ்டர் போகிற அகலத்துக்கு வழி விட்டார்கள். யாருக்காவது இப்படி நடந்தால், கம்பியில் கை வைக்காதீர்கள். பாதையில் ஆள் போவதைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். நிறைகுளத்தில் ஆளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

வழி கிடைத்த பிறகு ஆட்களும் கூடுதலாக வந்தார்கள். சனி, ஞாயிறில் நகரத்திலிருந்து குடும்பமாக வந்து, ஒரு சுற்றுக் கொண்டு போங்கள் அண்ணா என்பார்கள். பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும்போது மறுப்பது கஷ்டம். ஆனால் மீன்பிடித் தோணி ஆளேற்றும் தோணியல்ல. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரை சேர்க்கிற படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த வெள்ளைச் சீருடைகளைக் கண்ட பிறகு எந்தப் பிள்ளையையும் மிதப்புச் சட்டை இல்லாமல் தோணியில் ஏற்றியதில்லை. ஏற்றினாலும் ஒரு நேரத்தில் ஒருவர், கரையோரம், காலை எட்டு மணிக்கு முன். யார் கோபித்தாலும் சரி.

வருகிறவர்களுக்கு இன்னும் சில. மீனின் குடலைக் கரையில் கழுவிப் போடாதீர்கள், முதலை அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். நாங்கள் மேட்டில் குழி தோண்டிப் புதைக்கிறோம். தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து கை கழுவாதீர்கள், வாளியில் அள்ளிக்கொண்டு வந்து கழுவுங்கள். வற்றுக்காலத்தில் அலைகரைப் புல்லுக்கு மாலையில் யானை இறங்கும். ஐந்தரைக்கு மேல் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையால் தனியே வர வேண்டாம். குளிக்கிற படிப் பக்கம் தூண்டில் போடாதீர்கள். அறுந்த கொளுக்கியை மிதித்த ஒரு சிறுமியை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சவர்க்காரம், எண்ணெய், பொலித்தீன் எதுவும் குளத்துக்குள் போகக் கூடாது. திருகோணமலை நகரத்துக் குழாயில் வருவது இந்தக் குளத்துத் தண்ணீர். திருக்கடலூரில் என் அம்மா காலையில் தேத்தண்ணி வைப்பதும் அதில்தான்.

மாமாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. போன ஆவணியில் குளம் நன்றாக வற்றியிருந்தது. தோணி உருட்டுகிற தென்னங்குற்றிகளைக் கீழே இறக்க வேண்டும். மருதமரத்தின் கீழ் கதிரை போட்டு அவர் இருந்தார். பேராற்று நானா முன்னால் நடந்து, குதிக்காலை ஊன்றித் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாவது இடத்தில் தண்ணீர் ஊறியது. கொஞ்சம் இடப்பக்கம் விலகினார். அங்கே பருமணல். கையை உயர்த்தினார். நாங்கள் எட்டுப் பேர் குற்றிகளைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற இடத்துக்கு நடந்தோம்.